அவர் முறை

வாய்க்காலில் எங்கள் முறை
ராத்திரி பதினொன்றிலிருந்து இரண்டு.
இரண்டிலிருந்து ஐந்து நாச்சிமுத்துவுக்கு.
ஏழு நாள் திறப்பு, ஏழு நாள் அடைப்பு.
இந்தத் தடவை விட்டால்
குண்டடத்துச் செம்மண்ணில் வெங்காயம்
தாள் சுருண்டு படுத்துக்கொள்ளும்.

நாச்சிமுத்து கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.
மகனுக்குத் திருப்பூரில் நைட் ஷிப்ட்.
மடை திருப்ப ஆளில்லை என்று
பால் சொசைட்டியில் காதில் விழுந்தது.
என்னிடம் யாரும் சொல்லவில்லை.
சொல்லவும் மாட்டார்கள்.
பொழித் தகராறில் ஐந்து வருஷமாக
அந்த வீட்டோடு பேச்சில்லை.

கணக்குப் போட்டேன்.
மூன்று மணி நேரத் தண்ணீர்.
யாரும் எடுக்காவிட்டால் ஓடையில்தான் போய் விழும்.
எடுத்தால் திருட்டும் இல்லை.
இவ்வளவு சுத்தமான நியாயம்
என் ஆயுசில் எனக்குக் கிடைத்ததே இல்லை.

ஆனால் போன ஞாயிறு
திருவிருந்துக்கு முழங்காலிட்டபோது
அப்பம் இறங்கியது,
ஒரு பேர் மட்டும் தொண்டையிலேயே நின்றது.
சரி ஆண்டவரே, சொல்லுங்கள், செய்கிறேன்
என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.
பெரிதாக ஏதாவது கேட்பார் என்று நினைத்தேன்,
நாற்பது நாள் உபவாசம்,
கோயில் கூரைக்குத் தகரம்.
கேட்டது மம்புட்டி வேலை.

ஒன்று ஐம்பதுக்கு போன் அலாரம் அடித்தது.
வீட்டுக்காரர் லாரியோடு ஒட்டன்சத்திரத்தில்.
காத்தாடிகளின் உச்சியில் சிவப்பு விளக்குகள்
ஒரே நேரத்தில் கண் சிமிட்டின.
ஊதியூர் மலை இருட்டுக்குள் இன்னொரு இருட்டு.
என் கடைசி நாலு பாத்தி நனையவில்லை.
நாலே நாலு. பத்து நிமிஷம்.
"பத்து நிமிசத்துல அந்தாளுக்கு என்ன கொறஞ்சு போகுது?"
சத்தமாகவே கேட்டேன்.
தவளைகள் சற்று நிறுத்திவிட்டு
விட்ட இடத்திலிருந்து தொடங்கின.

இரண்டுக்கு அடைத்தேன்.

அன்போடு அடைத்தேன் என்றால் பொய்.
பல்லைக் கடித்துக்கொண்டு அடைத்தேன்.
அவர் மடையைத் திறந்துவிட்டு
ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக
அந்தப் பொழியைத் தாண்டினேன்.
டார்ச் வெளிச்சத்தில் கல் தெரிந்தது,
அதே இடத்தில், ரெண்டடி எங்கள் பக்கம் நகர்ந்து.
வயிறு எரிந்தது.
எரிகிற வயிற்றோடுதான்
அவருடைய மக்காச்சோளத்துக்குப்
பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாற்றினேன்.

எத்தனையாவது பாத்தி, தெரியவில்லை.
வழுக்கி உட்கார்ந்துவிட்டேன்
புடவையோடு சேற்றில்,
அவருடைய சேற்றில்.
சிரிப்பு வந்தது.
பார்க்க ஒருத்தரும் இல்லை என்பதால்
அடக்கவும் தோன்றவில்லை.
எழுந்திருக்க முயன்று மறுபடி வழுக்கி
மறுபடி சிரித்தேன்,
கல்யாணத்துக்கு முன்னால் சிரித்த மாதிரி.
குளிர்ந்த மண் இடுப்புவரை ஏறியது.
மன்னிப்பு இன்னும் வந்து சேரவில்லை.
அது வருமுன்பே இது வந்துவிட்டது,
அழைத்தவர் கதவைத் திறக்குமுன்
விருந்தாளி உள்ளே வந்து உட்கார்ந்த மாதிரி.

திங்கட்கிழமை அவர் மகன் வந்தான்.
பைக்கை அணைக்கவில்லை.
"ஏனுங்கக்கா, எங்க மடைய ஆரு தொறந்தது?
வரப்பு ஒடஞ்சு கெடக்குது,
கெழக்கால பாத்தியெல்லாம் தண்ணி நிக்குது."
நான்தான் என்றேன்.
முறைத்தான். ஒன்றும் சொல்லாமல் போனான்.
மம்புட்டியை எடுத்துக்கொண்டு
வரப்புக்கு மண் அணைக்க நானும் பின்னால் போனேன்.
இரண்டு பேரும் பேசவில்லை.
மண் மட்டும் மாறி மாறி விழுந்தது.

என் நாலு பாத்தி மஞ்சளடித்து நிற்கிறது.
வீட்டுக்காரர் கேட்டார், தண்ணீர் பாயலையா என்று.
பாய்ந்தது என்றேன்.
எங்கே என்று அவர் கேட்கவில்லை.
அங்கே உட்கார்ந்து களை பிடுங்கும்போதெல்லாம்
ஈரப் புடவையின் குளிர் நினைவுக்கு வருகிறது.
தலையைக் குனிந்துகொள்கிறேன்,
பக்கத்துப் பாத்தியில் இருப்பவர்களுக்கு
என் முகம் தெரியாதபடி.